தஹஜ்ஜுத் தொழுதால் சுகர் குறையுமா?

1.
"டாக்டர், தஹஜ்ஜுத் தொழுதா சுகர் குறையுமாமே, பிரஷர் குறையுமாமே, உண்மையா?"

இந்த மாதிரி ஃபார்வர்டு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருது. அனுப்புறவங்க நல்ல எண்ணத்துலதான் அனுப்புறாங்க. நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் மருத்துவர். தஹஜ்ஜுத் மேல் பிரியம் உள்ள ஒரு முஸ்லிமும் கூட. இந்த இரண்டு இடத்திலும் நின்று இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க சொந்தங்களே.

2.
முதல்ல நேரடியான பதில்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை, தேவைப்பட்டால் இன்சுலின், உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி. பிரஷருக்கு மாத்திரை, உப்பைக் குறைப்பது, புகையை விடுவது. தஹஜ்ஜுத் இது எதற்கும் மாற்று கிடையாது. தொழுதால் மனசு லேசாகும், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனா "தொழ ஆரம்பிச்சுட்டேன், மாத்திரையை நிறுத்திட்டேன்"னு யாராவது சொன்னா எனக்கு பயமா இருக்கும். நோய் வந்தால் சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னவர்தான் நபி (ஸல்) அவர்கள்.

சரி, மருந்து இல்லைன்னா தஹஜ்ஜுத் எதுக்கு? இந்தப் பதிவே அதற்காகத்தான்.

3.
இதைப் படிக்கும் மற்ற சமய நண்பர்களுக்காக சின்ன விளக்கம்.

முஸ்லிம்களுக்கு ஒரு நாளில் ஐந்து வேளைத் தொழுகை கடமை. பஜ்ரு, லுஹர், அஸர், மஃரிப், இஷா. இவை ஃபர்ளு. விட்டால் இறைவனிடம் பதில் சொல்லணும். தஹஜ்ஜுத் அப்படி இல்லை. இரவு இஷா தொழுதுவிட்டுத் தூங்கி, நடு ராத்திரிக்குப் பிறகு எழுந்து, ஒளு செய்து, பஜ்ருக்கு முன்னால் தனியாகத் தொழுவது. இரண்டு இரண்டு ரக்அத்துகளாகத் தொழுது, கடைசியில் ஒற்றைப்படையாக வித்ரு தொழுது முடிப்பாங்க. தொழாவிட்டால் குற்றம் இல்லை. யாரும் கேட்கவும் மாட்டாங்க.

4.
"எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்?"னு கேட்பீங்க.

இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்குதான் சிறந்த நேரம். கணக்கு ரொம்ப சுலபம். மஃரிப் மாலை 6.15, பஜ்ரு அதிகாலை 4.45ன்னு வெச்சுக்குவோம். நடுவில் பத்தரை மணி நேரம். அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு மூன்றரை மணி நேரம். அப்போ கடைசிப் பங்கு ராத்திரி 1.15க்குத் தொடங்குது. அதிலிருந்து 4.45 வரை எப்போது வேண்டுமானாலும் தொழலாம். 2 மணிக்கே எழுந்தாகணும்னு எந்தச் சட்டமும் இல்லை. பஜ்ருக்கு இருபது நிமிஷம் முன்னாடி எழுந்தாலும் அந்த நேரத்துக்குள்தான் இருக்கீங்க.

5.
இது எப்படி விருப்பத் தொழுகை ஆச்சுன்னு தெரிஞ்சுக்குவது முக்கியம்.

குர்ஆனின் 73வது அத்தியாயம் அல் முஸ்ஸம்மில். அதன் தொடக்கத்தில் இரவில் பாதியோ, கொஞ்சம் குறைவாகவோ, கூடுதலாகவோ நின்று வணங்கும்படி நபிக்குக் கட்டளை வருது. நபியும் தோழர்களும் ஒரு வருடம் அப்படியே நின்றார்கள். 12 மாதம் கழித்து அதே அத்தியாயத்தின் கடைசி வசனம் இறங்கி, இயன்ற அளவு ஓதினால் போதும் என்று இலகுவாக்கியது. கடமையாக இருந்த இரவுத் தொழுகை அதன்பின் விருப்பத் தொழுகையானது. இதை ஆயிஷா (ரலி) அவர்களே விளக்கியிருக்காங்க.

6.
ஏன் இலகுவாக்கப்பட்டது? அந்த வசனமே மூன்று பேரைக் காரணமாகச் சொல்லுது. உங்களில் நோயாளிகள் இருப்பார்கள். பிழைப்புக்காகப் பூமியில் பயணம் போகிறவர்கள் இருப்பார்கள். இறைவழியில் போரிடுபவர்கள் இருப்பார்கள்.

ஒரு மருத்துவரா இந்த வசனத்தைப் படிக்கிறப்போ எனக்குப் பெரிய ஆறுதல். சலுகைப் பட்டியலில் முதல் இடம் நோயாளிக்கு. அடுத்த இடம் உழைத்துச் சாப்பிடுகிறவருக்கு. படைத்தவன் கொடுத்த சலுகையை, பக்கத்து வீட்டுக்காரரோ யூடியூப் பேச்சாளரோ திரும்பப் பிடுங்க முடியாது. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

7.
இப்போ அதன் மதிப்புக்கு வருவோம். என் பார்வையில் முதல் விஷயம், யாரும் பார்க்காதது.

பகலில் நாம் செய்யும் நல்லதில் பாதிக்கு சாட்சி இருக்கு. நன்கொடை கொடுத்தால் ரசீது. ஜும்ஆவுக்குப் போனால் நாலு பேர் பார்க்கிறாங்க. உம்ரா போனால் ஸ்டேட்டஸ். ராத்திரி 3 மணிக்கு எழுந்து தொழுகிறவரைப் பாராட்ட ஆளே கிடையாது. வீட்டில் உள்ளவங்க கூட தூங்கிட்டிருப்பாங்க. அந்த நேரத்தில் ஒருத்தர் போர்வையை விலக்கி எழுந்தால், அது அவருக்கும் அவர் ரப்புக்கும் நடுவில் மட்டும் உள்ள விஷயம். பேர் வாங்குற ஆசை நுழைய இடம் ரொம்பக் குறைவு. (தொழுதுட்டு "தஹஜ்ஜுத் டைம்"னு செல்ஃபி போட்டால் நான் பொறுப்பில்லை.)

8.
இரண்டாவது, நன்றி.

நபி (ஸல்) அவர்கள் பாதம் வீங்கும் அளவுக்கு இரவில் நின்று தொழுவாங்க. முன் பின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட உங்களுக்கு ஏன் இவ்வளவு சிரமம்னு ஆயிஷா (ரலி) கேட்கிறாங்க. நான் நன்றியுள்ள அடியானாக இருக்க வேண்டாமா என்ற கருத்தில் பதில் வருது.

கவனிங்க. அதில் பயம் இல்லை, பேரம் இல்லை. "இதைக் கொடு, அதற்காக நிக்கிறேன்" இல்லை. கிடைத்ததற்காக நிற்கிறார். நம்மில் பல பேர் தஹஜ்ஜுதுக்கு எழுவது பரீட்சை, விசா, கல்யாணம், கடன் வரும்போதுதான். அப்போ எழுவது தப்பே இல்லை, கேட்கத்தான் சொல்லியிருக்கு. ஆனா வேலை முடிஞ்சதும் அலாரத்தை அணைச்சுடுறோம் பாருங்க, நன்றியின் இடம் அங்கேதான் காலியா கிடக்குது.

9.
மூன்றாவது, கேட்பது.

இரவின் கடைசிப் பங்கில் இறைவன் கீழ் வானத்துக்கு இறங்கி, என்னை அழைப்பவர் யார், கேட்பவர் யார், மன்னிப்புத் தேடுபவர் யார் என்று கேட்பதாக நபிமொழி இருக்கு. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

எங்க ஓ.பி.யில் காலை 7 மணிக்கே வந்து சீட்டு போட்டு, வரிசையில் நின்று, உள்ளே வந்தால் மூணு நிமிஷம் கிடைக்கும். சொல்ல வந்ததில் பாதி வாயிலேயே நின்னுடும். உலகத்தில் எங்கே போனாலும் ஏழைதான் காத்திருக்கணும். இந்த ஒரு நேரத்தில் மட்டும் காத்திருப்பவன் அவன். சீட்டு வேண்டாம், சிபாரிசு வேண்டாம், அரபி சரளமாகத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தொழுது முடித்து உட்கார்ந்து அவங்கவங்க தமிழில் அழுது சொல்லலாம்.

10.
மருத்துவமனையில் ராத்திரி டூட்டி பார்த்தவங்களுக்கு அந்த நேரத்தின் கனம் தெரியும்.

பகலில் பார்க்க வந்த சொந்தக்காரங்க எல்லாம் பஸ் பிடிச்சுப் போயிருப்பாங்க. வராண்டாவில் பாய் விரித்து அட்டெண்டர்கள் படுத்திருப்பாங்க. அதில் தூங்குறவங்க கொஞ்சம் பேர்தான். ஒருத்தர் ஜெபமாலை உருட்டிக்கிட்டு இருப்பார். ஒரு அம்மா முந்தானையில் முடிஞ்ச திருநீறை எடுத்து மகன் நெத்தியில் பூசுவாங்க. ஒரு பாட்டி துண்டை விரித்து சுவரோரமா தொழுதுக்கிட்டு இருப்பாங்க. அந்த நேரத்தில் பணம், பதவி, ஆள்பலம் எதுவும் பக்கத்தில் இருக்காது. மனுஷன் தான் யார்னு உண்மையா தெரிஞ்சுக்குற நேரம் அது. நோய் வந்து அந்த நேரம் வலுக்கட்டாயமா வாய்க்குறதுக்கு முன்னாடியே, சுகமா இருக்கும்போது தானா எழுந்து அங்கே போய் நிற்பதுதான் தஹஜ்ஜுத்.

11.
இனி எனக்கு வருத்தம் தரும் இடத்துக்கு வர்றேன்.

மாரடைப்போடு வந்து தீவிர சிகிச்சையில் இருந்த ஒருவரின் மனைவி என்னிடம் கேட்டாங்க. "தம்பி, நான் தஹஜ்ஜுதை விட்டுட்டேன். அதனாலதான் இவருக்கு இப்படி ஆச்சா?" எங்கேயோ ஒரு பயான் வீடியோவில், தஹஜ்ஜுத் தொழும் வீட்டில் பெரிய சோதனை நுழையாதுன்னு கேட்டிருக்காங்க. கணவர் உள்ளே உயிருக்குப் போராடுறார். வெளியே இவங்க தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏத்தி நிக்கிறாங்க.

12.
நான் சொன்ன பதில் இதுதான். "இல்லம்மா. அவருக்கு ரொம்ப வருஷமா புகைப்பழக்கம் இருக்கு, பிரஷர் மாத்திரை ஒழுங்கா எடுக்கல. இரத்தக் குழாய் அடைச்சதுக்குக் காரணம் அங்கே இருக்கு. உங்க தொழுகைக் கணக்கில் இல்லை."

அப்புறம் இன்னொண்ணும் சொன்னேன். தஹஜ்ஜுதை நபியை விட அதிகமா யாரும் தொழுதுவிட முடியாது. அந்த வீட்டில் என்ன நடந்தது? ஃபாத்திமா (ரலி) தவிர அவர்களுடைய எல்லாப் பிள்ளைகளும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே இறந்து போனாங்க. மகன் இப்ராஹீம் பால்குடி வயதில் இறந்தார். கையில் ஏந்தி அழுதார்கள். இரவுத் தொழுகை சோதனையைத் தடுக்கும் கேட் என்றால், முதலில் தடுத்திருக்க வேண்டியது அந்த வீட்டு வாசலில்தான்.

அந்த அம்மா ரொம்ப நேரம் அழுதாங்க. அழுகை முடிஞ்சப்போ முகம் கொஞ்சம் தெளிஞ்சிருந்தது.

13.
அதனால்தான் "40 நாள் தஹஜ்ஜுத், நினைத்தது நடக்கும் கேரண்டி" என்ற வீடியோக்களை நான் எதிர்க்கிறேன்.

நடந்தால் சரி. நடக்கலைன்னா? 41வது நாள் அந்த மனுஷன் தொழுகையை விடுவான், இல்லைன்னா தன்னையே வெறுப்பான். கேட்ட துஆ மூன்றில் ஒரு விதமாகப் பலன் தரும்னு நபிமொழி சொல்லுது. கேட்டதே கிடைக்கலாம். மறுமைக்குச் சேர்த்து வைக்கப்படலாம். வரவிருந்த வேறு தீங்கு தடுக்கப்படலாம். இதில் எது, எப்போது என்பதை முடிவு பண்ணுறவன் அவன். இதற்கு நாள் கணக்கு, கேரண்டி எல்லாம் போடுறது, டாக்டர் பார்க்காமலேயே மருந்துச் சீட்டு எழுதுற மாதிரி.

14.
இதற்கு நேர் எதிர் ஓரமும் ஒண்ணு இருக்கு. உடம்பை வதைத்துத் தொழுவது.

நபி (ஸல்) ஒருமுறை பள்ளிவாசலுக்குள் வந்தப்போ இரண்டு தூணுக்கு நடுவில் கயிறு கட்டியிருந்தது. ஸைனப் (ரலி) தொழுது களைத்தால் பிடித்துக்கொள்ளக் கட்டியதுன்னு சொன்னாங்க. அதை அவிழ்க்கச் சொல்லிட்டார்கள். தெம்பு இருக்கும் வரை தொழணும், களைத்தால் உட்காரணும், அவ்வளவுதான் வழிகாட்டல். தொழும்போது தூக்கம் கண்ணைச் சுற்றினால் போய்ப் படுத்துத் தூங்கவும் சொல்லியிருக்கார்கள். அரைத் தூக்கத்தில் மன்னிப்புக் கேட்க நினைத்து, வாய் குழறித் தன்னையே திட்டிவிடக்கூடும் என்பதுதான் காரணம்.

15.
அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகைன்னு இருந்தார். அவர் மனைவி வாடிய கோலத்தில் இருப்பதை விருந்துக்கு வந்த சல்மான் (ரலி) கவனிச்சார். அன்று ராத்திரி அபூதர்தா எழும்போதெல்லாம் "தூங்கு"ன்னு படுக்க வைத்தார். இரவின் கடைசிப் பகுதி வந்ததும் இருவரும் எழுந்து தொழுதாங்க. இறைவனுக்கு, உடம்புக்கு, குடும்பத்துக்கு, எல்லாருக்கும் உன்மேல் உரிமை இருக்கு, அவரவர் உரிமையைக் கொடுன்னு புரிய வைத்தார். விஷயம் நபியிடம் போனது. சல்மான் சொன்னது உண்மைன்னு உறுதிப்படுத்தினார்கள்.

ஒரு மனைவியின் வாடிய முகத்தைப் பார்த்துத்தான் இந்தப் பாடமே தொடங்குது. இதை ஆண்கள் கவனிக்கணும்.

16.
இப்போ டாக்டரா கொஞ்சம் பேசுறேன்.

வயது வந்தவர்களுக்கு ஒரு நாளில் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 12 மணி வரை ரீல்ஸ் பார்த்துட்டு 3 மணிக்கு அலாரம் வெச்சால் கிடைப்பது மூணு மணி நேரம். பழியை தஹஜ்ஜுத் மேல் போடாதீங்க. நபி (ஸல்) இஷாவுக்குப் பின் வீண் பேச்சை விரும்பியதில்லை. நமக்கு அந்தப் பேச்சு இன்று போனில் நடக்குது. ராத்திரி தொழ ஆசைப்படுகிறவர் 9.30, 10 மணிக்குப் படுக்கணும். முடிந்தால் மதியம் ஒரு குட்டித் தூக்கம், நம்ம பெரியவங்க "கைலூலா"ன்னு சொல்வாங்களே, அது.

17.
சிலர் கூடுதல் கவனமா இருக்கணும்.

• வயதானவர்கள், பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை எடுப்பவர்கள்: படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீங்க. ஒன்றிரண்டு நிமிஷம் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, பிறகு நடங்க. ராத்திரி தலைசுற்றி ஈரமான தரையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருகிறவர்கள் நிறைய.
• இன்சுலின் போடுபவர்கள்: இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காதீங்க. வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் தொழுகையை நிறுத்திட்டு சர்க்கரை சாப்பிடுங்க.
• முழங்கால் வலி உள்ளவர்கள்: நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்க. விருப்பத் தொழுகையை உட்கார்ந்து தொழ தாராளமா அனுமதி இருக்கு.

18.
• வலிப்பு நோய், பைபோலார் போன்ற மனநல பாதிப்பு உள்ளவர்கள்: தயவுசெய்து இதைக் கவனிங்க. தூக்கம் குறைந்தால் வலிப்பு தூண்டப்படலாம். பைபோலார் உள்ளவர்களுக்கு மனஎழுச்சி நிலை தொடங்கலாம். உங்களுக்குத் தூக்கமே சிகிச்சையின் ஒரு பகுதி. தூங்காமலே சுறுசுறுப்பா, இரவெல்லாம் வணக்கத்தில் இருக்கணும்னு திடீர்னு வேகம் வந்தால் அதை வீட்டில் உள்ளவங்க பக்தின்னு மட்டும் நினைக்காம டாக்டரிடம் சொல்லுங்க.
• லாரி, பஸ், ஆட்டோ ஓட்டுபவர்கள்: தூக்கக் கலக்கத்தோடு ஸ்டீயரிங் பிடிக்காதீங்க. எதிரில் வருகிறவர் உயிரும் உங்க பொறுப்பு.

19.
"அப்போ எங்களுக்கு அந்த நன்மை கிடைக்காதா?"

கிடைக்கும். எழுந்து தொழணும்னு எண்ணிப் படுத்தவரைத் தூக்கம் மிகைத்துவிட்டால், எண்ணியதற்கான கூலி எழுதப்படும். தூக்கம் அவருக்கு இறைவன் தந்த தர்மம். வழக்கமா செய்து வந்தவர் நோயிலோ பயணத்திலோ அதைச் செய்ய முடியாமல் போனால், ஆரோக்கியமா ஊரில் இருந்தப்போ செய்தது போலவே பதிவாகும். இஷாவை ஜமாஅத்தோடு தொழுதால் பாதி இரவு நின்றது போல, பஜ்ரையும் அப்படித் தொழுதால் முழு இரவு நின்றது போல. இவை எல்லாம் நபிமொழிகளில் இருக்கு.

ராத்திரி டூட்டியில் இருக்கும் நர்ஸ் சிஸ்டர், 108 ஓட்டுநர், வாட்ச்மேன் எல்லாருக்கும் சொல்றேன். மூச்சுத் திணறும் நோயாளிக்கு ஆக்சிஜன் வைக்கிற நேரத்தில் தொழுகை விரிப்பைத் தேடிப் போகாதீங்க. அந்த நேரத்து உங்க கடமை அந்தக் கட்டிலில் இருக்கு.

20.
வீட்டுக்குள் ஒரு விஷயம்.

கணவன் மனைவியை எழுப்புவதையும், மனைவி கணவனை எழுப்புவதையும், எழாவிட்டால் முகத்தில் லேசா தண்ணீர் தெளிப்பதையும் பாராட்டிய நபிமொழி உண்டு. அழகான விஷயம். ஆனா ராத்திரி பூரா பிள்ளைக்குப் பால் கொடுத்துட்டு இப்போதான் கண்ணசந்த பெண் முகத்தில் தண்ணி தெளிச்சால் அது சுன்னத் இல்லைங்க, அநியாயம். அவங்களைத் தூங்க விட்டுட்டு, அழுகிற குழந்தையை நீங்க ஒரு மணி நேரம் தோளில் போட்டுக்கோங்க.

அதே மாதிரி சத்தம். பள்ளிவாசலில் சிலர் சத்தமா ஓதியபோது, ஒவ்வொருவரும் தன் ரப்போடு பேசிக்கொண்டிருக்கிறார், ஒருவர் மற்றவருக்கு இடைஞ்சல் தராதீர்கள் என்று நபி (ஸல்) சொல்லியிருக்கார்கள். ஓதுகிறவர்களுக்குள்ளேயே இந்த ஒழுங்குன்னா, பக்கத்து வீட்டு நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் எவ்வளவு இருக்கணும்!

21.
தஹஜ்ஜுத் ஏற்கப்பட்டதான்னு எப்படித் தெரியும்? நமக்குத் தெரியாது. ஆனா நம்மை நாமே பார்த்துக்க ஒரு வழி இருக்கு.

குர்ஆனில் இரவு வணக்கத்தைச் சொல்லும் இடங்களைப் பாருங்க. 32வது அத்தியாயத்தில் படுக்கையை விட்டு விலாக்கள் விலகுவதைச் சொன்ன அதே வசனத்தில், கொடுத்ததிலிருந்து செலவு செய்வதும் வருது. 51வது அத்தியாயத்தில் இரவில் குறைவாகத் தூங்கி, விடியலுக்கு முன் மன்னிப்புக் கேட்பவர்களைச் சொன்ன கையோடு, அவர்கள் செல்வத்தில் கேட்பவருக்கும் கேட்காத ஏழைக்கும் உரிமை உண்டுன்னு வருது.

இரண்டும் ஒட்டியே இருக்கு. 3 மணிக்கு அழுத கண்ணு, 10 மணிக்கு வேலைக்காரப் பெண்ணிடம் எரிந்து விழுந்தால், அந்த அழுகை எங்கே போச்சுன்னு நாமே கேட்டுக்கணும்.

22.
ஆசை இருக்கு, எப்படித் தொடங்குறதுன்னு கேட்பவர்களுக்கு:

• இன்னைக்கே எட்டு ரக்அத்னு ஆரம்பிக்காதீங்க. இரண்டு போதும்.
• பஜ்ருக்கு 20 நிமிஷம் முன்னாடி அலாரம்.
• வாரத்தில் ஒன்றிரண்டு நாள், மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்க.
• தெரிந்த சின்ன அத்தியாயங்களை நிதானமா ஓதுங்க.
• போனை எடுத்து அலாரத்தை அணைத்ததும் தள்ளி வெச்சுடுங்க. நோட்டிஃபிகேஷன் பார்த்தால் முடிஞ்சது கதை.
• எழ முடியாமல் போகும்னு பயமிருந்தால் படுக்கும் முன்னே வித்ரு தொழுதுட்டுப் படுங்க.

குறைவாக இருந்தாலும் விடாமல் செய்வதே இறைவனுக்குப் பிரியமானதுன்னு நபிமொழி. மருந்துக்கும் நாங்க இதையேதான் சொல்றோம்.

23.
தஹஜ்ஜுதை வைத்து யாரையும் பயமுறுத்தாதீங்க. தொழாதவரை மட்டமா பார்க்காதீங்க. நோயாளியிடம் போய் "நீ தொழுதிருந்தா இது வந்திருக்காது"ன்னு தயவுசெய்து சொல்லாதீங்க. ஏற்கெனவே வலியில் இருப்பவர் மேல் குற்ற உணர்ச்சியையும் ஏத்தாதீங்க. முடிஞ்சால் ராத்திரி எழும்போது அவர் பேரைச் சொல்லி துஆ கேளுங்க. அவருக்குத் தெரியக்கூட வேண்டாம்.

தொழ முடிந்தவர்கள் தொழுங்க. முடியாதவர்கள் எண்ணத்தோடு நிம்மதியா தூங்குங்க.

படுக்கும் முன்னாடி ராத்திரி மாத்திரையை மறக்காம போட்டுக்கோங்க.